சாயம் பூசும் அறையில் மின்கம்பி

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கோலா சிலாங்கூர் பட்டணத்திலும் ஈஜோக், ஜெரம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் வன்பொருள் கடைகளின் சாய வாளிகள் வாசலுக்கு வந்துவிடும். பலகாரம் சுடுவதும் புத்தாடை எடுப்பதும் போல, வீட்டுக்குச் சாயம் பூசுவதும் பண்டிகை வேலைகளுள் ஒன்று. தோட்டப்புற வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் பெரும்பாலும் குடும்பத்தாரே இவ்வேலையைச் செய்துகொள்கிறார்கள். அப்பா ஏணியில் நிற்பார். அண்ணன் உருளையைப் பிடிப்பார். தங்கை சன்னல் சட்டத்துக்குத் தூரிகை எடுப்பாள். பாட்டி தரையில் பழைய நாளிதழ்களை விரிப்பார். எந்த வண்ணம், எத்தனை லிட்டர், அலமாரியை யார் நகர்த்துவது என்பதெல்லாம் பேசப்படும். சுவரில் ஓடும் மின்கம்பியைப் பற்றி மட்டும் பேச்சு எழுவது குறைவு.

பருவமும் இதில் சேர்ந்துகொள்கிறது. தீபாவளி அக்டோபர் மாதத்திலோ நவம்பர் மாதத்திலோ வரும். தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரைக்கு அது பருவக்காற்று மாறும் காலம். மாலை நேரங்களில் இடியும் மழையும் வழக்கம். கோலா சிலாங்கூர் மலாக்கா நீரிணையை ஒட்டிய தாழ்நிலம். சுவரில் ஈரம் ஊறும், பூஞ்சணம் படியும், சாயம் காயவும் நேரமெடுக்கும். ஈரச்சுவர், ஈரக்கை, இரும்புப் பிடியுள்ள உருளை, அலுமினிய ஏணி ஆகிய நான்கும் ஒரே அறையில் ஒன்றுகூடுவது ஆண்டுக்கு ஒருமுறை இந்த வேலையின்போதுதான்.

சாயம் பூசத் தொடங்குபவர் முதலில் செய்வது அறையின் விளக்கையும் விசிறியையும் அணைப்பது. அதோடு மின்சாரம் நின்றுவிட்டது என்று பலர் நம்புகின்றனர். விளக்கு அணைந்திருப்பது வேறு. கம்பியில் மின்சாரம் இல்லாதிருப்பது வேறு. சுவரிலுள்ள சுவிட்ச் ஒரு வாய்க்காலின் மடை போன்றது. மடையை அடைத்தால் வயலுக்கு நீர் போகாது. ஆனால், மடையின் இந்தப் பக்கம் நீர் தேங்கியே நிற்கும். அதுபோலவே உயிர்க்கம்பி எனப்படும் மின்னோட்டக் கம்பி சுவிட்சின் பின்புறம்வரை வந்து நிற்கிறது. சுவிட்சை அணைத்தால் விளக்குக்குப் போகும் வழி மட்டுமே அடைபடும். சுவிட்சுக்குப் பின்னால் உள்ள திருகாணியில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். சுவிட்சின் மூடியைக் கழற்றிவிட்டு அதன் ஓரத்தில் ஈரத் தூரிகையை ஓட்டுபவர் அந்தத் திருகாணியிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தொலைவில்தான் கையை வைத்திருக்கிறார்.

ஓர் அறையில் ஒரே ஒரு மின்சுற்றுதான் இருக்கும் என்பதும் தவறான எண்ணமாகும். விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு சுற்று, சாக்கெட்டுகளுக்கு மற்றொரு சுற்று, குளிர்சாதனம் இருந்தால் அதற்குத் தனிச் சுற்று என்று பிரிந்திருக்கும். ஒன்றை அணைத்தால் மற்றவை அணைவதில்லை. இதைவிட மோசமான நிலையும் உண்டு. கைப்பழக்கம் உள்ள யாரோ ஒருவர் முன்பு எப்போதோ இணைத்த விளக்கில், சுவிட்ச் உயிர்க்கம்பியில் இல்லாமல் நடுநிலைக் கம்பியில் பொருத்தப்பட்டிருக்கலாம். அந்த விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். ஆனால், அணைந்த பிறகும் அதன் பிடிப்பானில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். கண்ணால் பார்த்து இதை அறிய வழியில்லை.

மின்சாரம் உடலில் பாய்ந்தால் பெட்டியிலுள்ள விசை தானாக விழுந்துவிடுமே என்று சிலர் கேட்கலாம். இதற்கு ஒரு சிறு கணக்கே விடை சொல்லும். மலேசிய வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓமின் விதிப்படி 230ஐ 1000ஆல் வகுக்க 0.23 ஆம்பியர் கிடைக்கும். அதாவது 230 மில்லிஆம்பியர். பழைய 60 வாட் குமிழ் விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 0.26 ஆம்பியர். ஆகவே, உயிர்க்கம்பியைத் தொட்டு நிற்கும் ஒரு மனிதர் மின்சுற்றின் கணக்கில் கூடுதலாக எரியும் ஒரு குமிழ் விளக்கு, அவ்வளவுதான். விளக்குச் சுற்றுக்குப் பொருத்தப்படும் எம்சிபி எனும் சிறு விசை 6 ஆம்பியருக்கோ 10 ஆம்பியருக்கோ மேல் ஓடும்போதுதான் விழும். அது கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்கு வைக்கப்பட்டது. மனிதரைக் காப்பது அதன் வேலையன்று.

எவ்வளவு மின்னோட்டம் மனிதரைத் துன்புறுத்தும் என்பதை அளந்து பார்த்தவர்களுள் ஒருவர் சார்ல்ஸ் டால்சியல். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தன்னார்வலர்களைக் கொண்டு ஆய்வு நடத்தினார். மின்சாரம் பாயும் கம்பியைப் பிடித்தவர் தம் விருப்பப்படி கையை விடுவிக்க முடியாமல் போவது எந்த அளவில் என்பதே அவரது கேள்வி. ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லிஆம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் போனால் கைத்தசை சுருங்கி, பிடித்ததை மேலும் இறுகப் பிடித்துக்கொள்ளும். 'மின்சாரம் இழுத்துக்கொண்டது' என்று பெரியவர்கள் சொல்வது உண்மையில் இதைத்தான். மின்சாரம் யாரையும் இழுப்பதில்லை. கை தானே விடமுடியாமல் பற்றிக்கொள்கிறது. மேற்கண்ட கணக்கில் வந்த 230 மில்லிஆம்பியர் இந்த அளவைப்போல் பதினான்கு மடங்குக்கும் அதிகம். அந்த அளவு மின்னோட்டம் இதயத்தின் துடிப்பையே குலைத்துவிடக்கூடும்.

மனிதரைக் காப்பதற்கென்று மின்பெட்டியில் இருப்பது வேறொரு கருவி. கடைக்காரரிடம் ஆர்சிசிபி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார். தமிழில் அதை மின்கசிவுத் துண்டிப்பான் எனலாம். உயிர்க்கம்பி வழியே போகும் மின்னோட்டமும் நடுநிலைக் கம்பி வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. போனதில் ஒரு பகுதி மனித உடல் வழியாகத் தரைக்குச் சென்றுவிட்டால் கணக்கில் வேறுபாடு தோன்றும். உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். மலேசிய எரிசக்தி ஆணையத்தின் வழிகாட்டுதலின்படி, நீர்சூடேற்றி போன்ற ஈரமான இடத்துக் கருவிகளுக்கு 10 மில்லிஆம்பியர், சாக்கெட்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர், விளக்கு, விசிறிகளுக்கு 100 மில்லிஆம்பியர் அளவில் இயங்கும் துண்டிப்பான்கள் பொருத்தப்பட வேண்டும். சாயம் பூசுபவர் இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. உட்கூரையில் உருளையை ஓட்டும்போது கை நெருங்குவது விளக்குச் சுற்றை. மூன்றனுள் மிகக் குறைந்த பாதுகாப்பு அந்தச் சுற்றுக்குத்தான். பழைய வீடுகள் பலவற்றில் வீடு முழுவதற்கும் ஒரே ஒரு 100 மில்லிஆம்பியர் துண்டிப்பான்தான் இருக்கும்.

அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரு கை உயிர்க்கம்பியையும் மறு கை நடுநிலைக் கம்பியையும் தொட்டு, கால் காய்ந்த பலகையில் இருந்தால், போன மின்னோட்டம் முழுவதும் உடலைக் கடந்து மறுகம்பி வழியே திரும்பிவிடும். கணக்கு சரியாக இருப்பதால் துண்டிப்பான் அசையாது. மூடி கழற்றிய சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு கம்பிகளும் விரல் இடைவெளியில்தான் கிடக்கின்றன. எனவே, கருவியை நம்பி மின்சாரத்தோடு வேலை செய்வதைவிட, மின்சாரமே இல்லாத சுவரில் வேலை செய்வதுதான் சரி.

கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் இந்தச் செய்திக்குத் தனிப் பொருத்தம் உண்டு. இங்குள்ள தோட்டங்கள் ரப்பரில் தொடங்கிச் செம்பனைக்கு மாறியவை. பழைய லயன் வீடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகத்தின் ஜெனரேட்டர்தான் விளக்கேற்றியது. அதுவும் மாலையில் சில மணி நேரம் மட்டுமே. பிறகு நாட்டின் பொது மின்விநியோகம் வந்தது. 1949இல் மத்திய மின்சார வாரியமாகத் தொடங்கிய அமைப்பு, 1965இல் தேசிய மின்சார வாரியமாகி, 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. அதே 1990ஆம் ஆண்டு நிறைவேறிய தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம், தோட்ட முதலாளி தொழிலாளருக்குத் தரும் வீட்டில் குழாய் நீரும் மின்சாரமும் இருக்கவேண்டும் என்றது. வீட்டைப் பழுதின்றிப் பராமரிப்பதையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. எனவே, தோட்ட வீட்டில் சாயம் பூசும்போது வெடித்த கம்பியோ ஆடும் சாக்கெட்டோ கண்ணில் பட்டால், அதைத் தோட்ட அலுவலகத்தில் தெரிவிப்பது குடியிருப்பவரின் உரிமை. யாரிடமும் சலுகை கேட்பதாக ஆகாது.

இரண்டு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் போட்ட வயரிங்கில் பின்னாளில் தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் சலவை இயந்திரமும் ஏறிக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளைக்கம்பி இழுக்கப்பட்டது. முறுக்கி, மேலே கறுப்பு நாடா சுற்றிவிட்ட இணைப்புகள் பலகைச் சுவரின் மூலைகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் ஆண்டுதோறும் சாயம் ஏறியதால் நாடா எது, பலகை எது என்று தெரியாத அளவுக்கு மறைந்திருக்கும். பலகை வீடுகளில் கம்பி சுவருக்குள் புதையாமல் மேற்பரப்பிலேயே, சிறு தகட்டுப் பிடிகளால் இறுக்கப்பட்டு ஓடுகிறது. பழைய சாயத்தைச் சுரண்டுபவரின் கத்தி முதலில் போய் மோதுவது அந்தக் கம்பியில்தான்.

கம்பிமேல் இருக்கும் காப்புறைக்கும் இந்த மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு மலாய்த் தீவுக்கூட்டத்துக் காட்டு மரமொன்றின் பால்தான் உறையானது. அதைக் கட்டாபெர்ச்சா என்பார்கள். பிறகு வீட்டு மின்கம்பிகளுக்கு ரப்பர் உறை வந்தது. தோட்டத்தில் சீவிய பால் எங்கோ ஆலைக்குப் போய், கம்பியின் மேல் சட்டையாகித் திரும்பியிருக்கலாம்! ரப்பர் உறை காலப்போக்கில் உலர்ந்து, வெடித்து, பொடிந்து உதிரும் தன்மையுடையது. இப்போது பயன்படும் பிவிசி நெகிழி உறை அதைவிட நீடித்து உழைக்கும். ஆனாலும், வெயிலும் சூடும் பட்டால் அதுவும் விறைத்துப்போகும். சாயத்தைக் கரைக்கும் தின்னர் போன்ற நீர்மங்கள் நெகிழியை இளக்கிவிடக்கூடும். ஆகவே, மின்கம்பியில் தெறித்த சாயத்தைத் தின்னர் நனைத்த துணியால் தேய்ப்பது தகாது. கம்பியின் மேல் சாயம் பூசுவதும் நல்லதன்று. சாயத்துக்குக் கீழே உறை வெடித்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

நிறத்தைப் பார்த்து ஆபத்தில்லாத கம்பி எது என்று முடிவு செய்வதும் ஏமாற்றக்கூடியதே. மலேசியாவில் சுவரில் நிலையாகப் பதிக்கும் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை உயிர்க்கம்பியின் நிறங்கள். கறுப்பு நடுநிலைக் கம்பி. பச்சை அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக்கம்பி. இஸ்திரிப் பெட்டி, மேசை விசிறி ஆகியவற்றின் வளையும் கம்பியிலோ பழுப்பு உயிர்க்கம்பி. நீலம் நடுநிலைக் கம்பி. ஒரே நீலம் ஓரிடத்தில் உயிர்க்கம்பி, இன்னோரிடத்தில் நடுநிலைக் கம்பி! விசிறியின் பிளக்கை மாற்றிப் பழகிய ஒருவர் சுவரில் நீலக் கம்பியைக் கண்டு துணிவு கொள்வாரானால் அத்துணிவு அவருக்கே ஆபத்தாக முடியும்.

தாமான்களில் உள்ள கல்வீடுகளில் நிலைமை வேறு. கம்பி குழாய்க்குள் புகுந்து, சுவர்ப் பூச்சுக்குள் மறைந்திருக்கும். சுரண்டியோ மணல்தாளோ அதைத் தொடாது. ஆனால், சாயம் பூசிய கையோடு படம் மாட்டவும் திரைச்சீலைக் கம்பி பொருத்தவும் துளையிடுகிறார்களே, அங்கேதான் ஆபத்து. மறைந்த கம்பி வழக்கமாகச் சுவிட்சிலிருந்தும் சாக்கெட்டிலிருந்தும் நேர் மேலாகவோ நேர் கீழாகவோ பக்கவாட்டிலோ செல்லும். எனவே, அவற்றுக்கு நேர்க்கோட்டில் எங்கும் ஆணி அடிக்காமலும் துளையிடாமலும் இருப்பது அறிவுடைமை. பழைய வீட்டில் கம்பி குறுக்காகவும் போயிருக்கலாம்.

இனி வேலையின் ஒழுங்கைப் பார்ப்போம். மின்பெட்டியில் மெயின் சுவிட்சை அணைப்பதே முதற்படி. இதைப் பெரியவர் ஒருவர் செய்யவேண்டும். காய்ந்த கையோடு, காய்ந்த தரையில் நின்று செய்யவேண்டும். குளிர்பெட்டி ஓடவேண்டுமே என்ற கவலையில் அறைக்குரிய எம்சிபியை மட்டும் சிலர் அணைப்பர். பெட்டியில் எந்த விசை எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டியிருந்தால் அது சரிப்படலாம். பல வீடுகளில் அப்படி எழுதியிருப்பதில்லை. மேலும், எம்சிபி உயிர்க்கம்பியை மட்டுமே துண்டிக்கும். மெயின் சுவிட்ச் இரண்டு கம்பிகளையும் துண்டிக்கும். அரைநாள் மூடியே வைத்தால் குளிர்பெட்டியின் குளிர் அவ்வளவு எளிதில் போய்விடாது.

அணைத்ததோடு வேலை முடிந்துவிடாது. மின்பெட்டி பெரும்பாலும் வாசல் பக்கம் இருக்கும். சாயம் பூசும் அறையோ பின்னால் இருக்கும். சந்தையிலிருந்து திரும்பிய ஒருவர், வீட்டில் மின்சாரம் இல்லையே என்று பெட்டியைத் திறந்து விசையை மேலே தள்ளிவிட்டால் போதும். உள்ளே ஏணியில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. தொழிற்சாலைகளில் இதற்காகவே விசைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வேலை செய்பவர் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வீட்டில் பூட்டு இல்லாவிட்டாலும், 'தொடாதே, வேலை நடக்கிறது' என்று பெரிய எழுத்தில் எழுதிய தாளைப் பெட்டியின் மேல் ஒட்டலாம். வீட்டிலுள்ள எல்லாரிடமும் வாய்விட்டுச் சொல்லியும் வைக்கவேண்டும்.

அடுத்தது சோதனை. பல வீடுகளில் டெஸ்ட் பேனா எனப்படும் சிறு திருப்புளி இருக்கும். அதனுள் ஒரு நியான் விளக்கும், மின்னோட்டத்தை மிகக் குறைத்துவிடும் பெரிய மின்தடையும் உண்டு. உயிர்க்கம்பியைத் தொட்டால் விளக்கு மங்கலாக ஒளிரும். அது ஒளிராவிட்டால் மின்சாரம் இல்லை என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பேனாவே பழுதாகியிருக்கலாம். பிடித்திருப்பவர் காய்ந்த பலகைத் தரையில் ரப்பர் செருப்போடு நின்றால் ஒளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிவிடும்; பகல் வெளிச்சத்தில் இன்னும் தெரியாது. எனவேதான், மெயின் சுவிட்சை அணைக்கும் முன்னர் மின்சாரம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த சாக்கெட்டில் பேனாவைச் சோதித்துப் பார்க்கவேண்டும். அணைத்த பிறகு அதே சாக்கெட்டிலும், பூசப்போகும் அறையின் ஒவ்வொரு சாக்கெட்டிலும் பார்க்கவேண்டும். வயர்மேன்கள் வேலைக்கு முன்னும் பின்னும் தங்கள் கருவியைச் சோதிப்பது வழக்கம். மாணவர்கள் இந்தச் சோதனையைத் தாங்களே செய்யாமல் பெரியவர் செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதே முறை.

பூஞ்சணத்தைக் கழுவும் வேலை சாயம் பூசுவதைவிட ஆபத்தானது என்றே சொல்லலாம். சாயம் கெட்டியானது, ஓரளவு நின்ற இடத்தில் நிற்கும். சோப்பு நீரோ சுவரில் வழிந்து, சுவிட்ச் மூடியின் மேல் விளிம்பில் தேங்கி, உள்ளே இறங்கிவிடும். சாக்கெட்டின் அருகில் நீரைத் தெளிக்காமல், நன்றாகப் பிழிந்த துணியால் மட்டுமே துடைக்கவேண்டும். நீர் கலந்த எமல்ஷன் சாயமும் காயும்வரை மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறந்துவிடலாகாது.

சுவிட்ச், சாக்கெட் ஆகியவற்றின் ஓரத்தில் சாயம் படாமலிருக்க மூடியைக் கழற்றவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. சாயக்கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப்பை மூடியின் மேல் ஒட்டினாலே போதும். கோடு நேராக வரும். மூடி சாயத்தோடு சுவரில் ஒட்டிப்போயிருந்தால் சுற்றிலும் கத்தியால் மெல்லக் கீறிவிடலாம். மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும்போது மட்டுமே அதைச் செய்யலாம். உட்கூரை விசிறியைத் துணியால் மூடிக் கட்டலாம். அதைக் கழற்றி இறக்குவதை வயர்மேனிடம் விடுவதே நல்லது.

சன்னல், கதவுகளுக்குப் பூசும் எண்ணெய்ச் சாயமும் தின்னரும் எளிதில் தீப்பற்றும் ஆவியை வெளிவிடுகின்றன. சுவிட்சைத் தட்டும்போது உள்ளே தோன்றும் சிறு பொறி வழக்கமாக யாருக்கும் தீங்கு செய்யாது. அடைத்த அறையில் அந்த ஆவி நிறைந்திருந்தால் நிலைமை வேறு. மழைக்குப் பயந்து சன்னலைச் சாத்திவிட்டு எண்ணெய்ச் சாயம் பூசுவதைவிட, மழையில்லாத ஒரு காலைப்பொழுதுக்குக் காத்திருக்கலாம். மின்சாரம் அணைந்திருப்பதால் இந்த வேலைக்குப் பகல் வெளிச்சமே ஏற்றது. இருட்டான மூலைக்கு மின்கலத்தில் எரியும் கைவிளக்கு போதும். பக்கத்து வீட்டிலிருந்து நீட்டிப்புக் கம்பி இழுத்து விளக்கும் விசிறியும் போடுவது, அணைத்த மின்சாரத்தை ஈரத்தரை வழியாக மீண்டும் உள்ளே அழைத்து வருவதாகிவிடும்.

வெளிச்சுவருக்கு மெயின் சுவிட்சின் காவல் கிடையாது. மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மேல்நிலைக் கம்பியும் மீட்டர்வரை உள்ள இணைப்பும் தெனாகா நேஷனல் நிறுவனத்துக்குரியவை. வீட்டிலுள்ள எந்த விசையாலும் அவற்றில் ஓடும் மின்சாரத்தை நிறுத்த இயலாது. அலுமினிய ஏணியை நிமிர்த்தித் தூக்கி நடக்கும்போதும், இரும்புக் கோல் பொருத்திய உருளையைக் கூரை விளிம்புக்கு உயர்த்தும்போதும் தலைக்கு மேல் பார்க்கவேண்டும். கம்பி வீட்டோடு சேரும் பகுதியில் பூசவேண்டியிருந்தால் அந்நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். அந்தச் சதுர அடியைப் பூசாமல் விட்டாலும் வீட்டின் அழகு குறைந்துவிடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவரை மின்சாரம் தாக்கினால், அருகிலிருப்பவரின் முதல் உந்துதல் ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுப்பதாகவே இருக்கும். அவ்வாறு இழுப்பவரும் அதே மின்சுற்றில் மாட்டிக்கொள்வார். முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். அது எட்டாத தொலைவில் இருந்தால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு காய்ந்த மரக்கட்டையால் அவர் கையைக் கம்பியிலிருந்து தள்ளிவிடலாம். சாயம் நனைந்த கோலை எடுக்கவே கூடாது. மேல்நிலைக் கம்பியில் ஏணி பட்டிருந்தால் இந்த முறையும் உதவாது. விலகி நின்று, மற்றவர்களையும் நெருங்கவிடாமல் உதவிக்கு அழைக்கவேண்டும். உடனே 999 எண்ணில் அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தோட்டத்து வீடாக இருந்தால் பிரிவின் பெயரும் பெரிய சாலையிலிருந்து வரும் வழியும் தேவைப்படும். விழுந்தவர் மூச்சு விடாமல் இருந்தால், மார்பை அழுத்தும் முதலுதவியைத் தெரிந்தவர் தொடங்கவேண்டும். எதிர்முனையில் பேசுபவர் அதற்கு வழி சொல்வார். எழுந்து உட்கார்ந்து 'ஒன்றுமில்லை' என்று சொல்பவரையும் மருத்துவரிடம் காட்டவேண்டும். இதயத் துடிப்பில் ஏற்பட்ட கோளாறு வெளியே தெரியாமல் இருக்கக்கூடும்.

சாயம் நன்றாகக் காய்ந்த பிறகு மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எம்சிபிகள் அனைத்தையும் கீழே தள்ளிவிட்டு, முதலில் மெயின் சுவிட்சையும் பிறகு ஆர்சிசிபியையும் மேலே தள்ளவேண்டும். ஆர்சிசிபியின் முகப்பில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் விசை சட்டென்று விழவேண்டும். விழாவிட்டால் அந்தக் கருவி பழுதானது. அதை மாற்றும்வரை வீட்டில் காவல் இல்லை என்று பொருள். இந்தப் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறையாவது அழுத்திப் பார்ப்பது நல்ல வழக்கம். ஆண்டுக்கணக்காகத் தொடப்படாத ஆர்சிசிபிகள் பல வீடுகளில் உள்ளன. பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளவேண்டும். எந்த ஒன்றைத் தள்ளும்போது ஆர்சிசிபி விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் ஈரமோ வெட்டுப்பட்ட கம்பியோ இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்க்காமல் அணைத்தே வைத்துவிட்டு வயர்மேனை அழைக்கவேண்டும். சாக்கெட்டின் துளைக்குள் சாயம் புகுந்திருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே உலோகத்தின் மேல் சாயம் படிந்தால் பிளக் சரியாகப் பொருந்தாமல் சூடேறும். கத்தி முனையால் சுரண்டி எடுப்பதும் ஆபத்து. புதிய சாக்கெட் சில ரிங்கிட்தான்.

அதை மாற்றுவதற்கு ஆள் யார் என்பதையும் சட்டம் வகுத்திருக்கிறது. 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகளும் வீட்டு வயரிங் வேலையை, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரும் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனுமே செய்யவேண்டும் என்கின்றன. தீபாவளி நெருக்கத்தில் வயர்மேன் கிடைப்பது கடினம்; சாயம் பூசத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே அவரை வரவழைத்து, வெடித்த கம்பியையும் ஆடும் மூடியையும் காட்டிவிடுபவர்கள் அலைச்சலின்றித் தப்புகிறார்கள். அவர் வந்திருக்கும்போதே மின்பெட்டியில் எந்த விசை எந்த அறைக்கு உரியது என்று கேட்டுத் தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். வீட்டில் தெளிவான கையெழுத்து உள்ள பிள்ளைக்கு ஏற்ற வேலை அது.